மற்றப் பெடியளுக்கு என்ன நிறம்

அக்காவின் அடக்க ஆராதனையில் என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்து போய், அவர் நன்றாக மீன் குழம்பு வைப்பார், யாருக்கும் கூட்டியும் வைக்க மாட்டார் குறைத்தும் வைக்க மாட்டார் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். பின் வரிசை வாங்கில் இருந்தவர் என் தோளைத் தட்டி, "வடிவாச் சொன்னியள் மாஸ்ரர்" என்றார். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதே மேடையில் நின்று நான் பொய் சொன்னது வேறொரு நாள்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. சபையில் எல்லோருக்கும் அவர் அக்கா. அவரைவிட மூத்தவர்களுக்கும் அக்காதான். நான் ஊரில் ஒரு கல்லூரியில் அரசியல் படிப்பித்தவன் என்பதால் அவருக்கு நான் மாஸ்ரர். டென்மார்க்கில் நான் ஒரு மருத்துவமனையின் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தது அந்தப் பட்டத்தைப் பாதிக்கவில்லை.

கோபன்ஹேகனுக்குப் பக்கத்தில், ஹ்விடோவ்ரேயில், டேனிஷ்காரர் தங்கள் சிறிய ஆலயம் ஒன்றை ஞாயிறு பிற்பகல்களில் எங்களுக்குத் தந்திருந்தார்கள். காலையில் அவர்கள் மெதுவாகப் பாடி, கோப்பி குடித்துவிட்டுப் போவார்கள். பிற்பகலில் நாங்கள் சத்தமாகப் பாடி, அழுது, கைதட்டி, பிறகு கீழ்த்தளச் சமையலறையில் சோறு சாப்பிட்டுவிட்டு, மணம் போகும்வரை யன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு குளிரில் நிற்போம். அப்போது நாங்கள் அதிகம் பேர் இல்லை. துறைமுகத்தில் வாங்கும் ஒரு பெரிய மீன் போதும். அதை வாங்குவது, வெட்டுவது, பங்கு வைப்பது எல்லாம் அக்கா.

மீனைப் பலகையில் கிடத்தி, கத்தியை அதன் மேல் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். நிலம் அளப்பவர்கள் அப்படிப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். பிறகு வெட்டுவார். வாலில் சதை குறைவு என்றால் அந்தத் துண்டு நீளமாக இருக்கும். நடுவில் தடிப்பு என்றால் துண்டு மெல்லியதாக இருக்கும். தலை ஒன்றுதானே, அதை என்ன செய்வது? அதற்கு முறை வைத்திருந்தார். இந்த ஞாயிறு ஒருவருக்கு, அடுத்த ஞாயிறு அடுத்தவருக்கு. யாருடைய முறை என்பது அவர் தலைக்குள் இருந்தது. ஒரு தரமும் பிழைத்ததில்லை.

நோர்வேயிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தபோது எங்கள் போதகர் சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, "அக்கா, ஊழியக்காரருக்கு ஒரு நல்ல துண்டாப் பாத்து வையுங்கோ" என்றார். எங்கள் போதகர் ஊரில் பஸ் நடத்துநராக இருந்தவர். ஆட்களை ஏற்றி இறக்கும் பழக்கம் அவருக்குப் போகவில்லை.

"எல்லாம் நல்ல துண்டுதான் பிரதர். கெட்ட துண்டு நான் வாங்கிறேல்லை" என்றார் அக்கா.

சபையில் ஒரு பெண் கர்ப்பமாக இருந்தாள். அவளுக்கு ஒரு துண்டு கூட்டி வைக்கக் கூடாதா என்று அவளுடைய கணவன் கேட்டான். "பிள்ளை பிறக்கட்டும் தம்பி. அதுக்கும் ஒண்டு வைப்பன்" என்றார். பிள்ளை பிறந்து ஆலயத்துக்குத் தூக்கிவந்த முதல் ஞாயிறே தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு வைத்தார். சோறு, குழம்பு, ஒரு துண்டு மீன். தாய் இரண்டு தட்டையும் சாப்பிட்டாள்.

இதையெல்லாம் நாங்கள் சிரித்துக்கொண்டு பார்த்தோம். ஆனால் இரண்டு பிள்ளைகள் சண்டை பிடித்தால் அக்கா இருவருக்கும் ஒரே அளவில் அடி போடுவார். யார் தொடங்கியது என்று கேட்க மாட்டார். அடி வாங்கிய பிள்ளைகளின் தாய்மாருக்கு அதில் சிரிப்பு வரவில்லை. "தொடங்கினதை விசாரிக்க வேண்டாமோ அக்கா?" என்று ஒருத்தி சண்டைக்கு வந்தாள்.

"விசாரிக்கலாம். ரண்டும் நான்தான் பாவம் எண்டு சொல்லும். பிறகு நீயும் மற்றதின்ர தாயும் சண்டை பிடிப்பியள். பிறகு நான் உங்கள் ரண்டு பேருக்கும் அடிக்க வேணும்" என்றார் அக்கா. அது நீதி என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அது ஒருவகைப் பிடிவாதமாகவே பட்டது. இன்றும் முழுதாக அந்த எண்ணம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

அவர் வேலை செய்தது ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில். அங்கே இரண்டு கிழவர்கள் இருந்தார்கள். ஒருவர் ஜெர்மன்காரர் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில் அவர்களுக்கு எதிராக ஒளிந்திருந்து வேலை செய்தவர். மற்றவர் அவர்களோடு சேர்ந்து வேலை செய்தவர். நாற்பது வருடத்துக்கு மேலாகியும் அது எல்லோருக்கும் தெரியும். வேலைக்காரப் பெண்கள் இரண்டாமவருக்குச் சிறிய உருளைக்கிழங்காகப் பார்த்து வைப்பார்களாம். அக்கா போன பிறகு அது நின்றது. பொறுப்பாளர் அக்காவைக் கூப்பிட்டு, இங்கே சில விஷயங்கள் இருக்கின்றன, வெளிநாட்டவருக்கு அது விளங்காது என்றாராம். அக்கா தனக்குத் தெரிந்த டேனிஷில், "அவர் செய்தது பிழை. உருளைக்கிழங்கு என்ன செய்தது?" என்று கேட்டாராம். இதை அவர் எங்களுக்குச் சொன்னபோது சிரிக்கவில்லை. கிழங்கைப் பற்றித்தான் சொன்னார்.

அக்காவுக்கு ஒரே மகன். அவனை ஊரில் புதைத்துவிட்டுத் தம்பியின் குடும்பத்தோடு வந்தவர். அவனைச் சுட்டது யார் என்று சொல்ல மாட்டார். அந்தக் காலத்தில் சுடக்கூடியவர்கள் பலர் இருந்தார்கள், இராணுவம் மட்டுமல்ல. புதிதாக வந்த ஒருவர் அனுதாபத்தோடு, "ஆரக்கா சுட்டது?" என்று கேட்டார்.

"துவக்கு வைச்சிருந்த ஆக்கள்."

"அதில்லை அக்கா, எந்தப் பக்கம்?"

"துவக்கின்ர மற்றப் பக்கத்தில நிண்டது என்ர மகன். எனக்கு அந்தப் பக்கந்தான் தெரியும்."

ஜெப நேரத்தில் அவர் இராணுவத்தில் இருக்கும் பெடியளுக்காகவும் இயக்கத்தில் இருக்கும் எங்கள் பெடியளுக்காகவும் ஒரே மூச்சில் ஜெபிப்பார். இரண்டுக்கும் ஒரே சொற்கள். சிலர் அந்த நேரம் பார்த்து இருமுவார்கள்.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் முதலில் தனியாக வந்தேன். மனைவியும் இரண்டு மகள்மாரும் யாழ்ப்பாணத்தில். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர் குடும்பத்தைக் கூப்பிடலாம் என்பது டேனிஷ் சட்டம். நான் விண்ணப்பித்தேன். பதில் வரவில்லை. என்னைப் போல் பல தமிழர் விண்ணப்பித்தார்கள். ஒருவருக்கும் பதில் வரவில்லை. எங்கள் கோப்புகளைத் தொடாமல் வைக்கும்படி நீதி அமைச்சர் சொல்லியிருந்தார் என்பது பின்னால்தான் வெளியில் வந்தது. சட்டம் இருந்தது, உரிமை இருந்தது, கோப்பு மட்டும் அலுமாரியில் இருந்தது. பிறகு பத்திரிகைகள் எழுதி, விசாரணை வைத்து, கோப்பை எடுத்தார்கள். எடுத்தபோது பத்திரங்கள் பழசாகிவிட்டன, புதிதாகக் கொண்டுவா என்றார்கள். புதிதாக எடுப்பதற்குள் ஊரில் மறுபடி சண்டை தொடங்கிப் பாதை மூடிவிட்டது. வீட்டுப் பின்வளவில் பங்கர் வெட்டியிருக்கிறோம் என்று மனைவி எழுதினாள். கடைசி மகள் அதற்குள் இருந்து பாடம் படிக்கிறாள் என்றும் எழுதியிருந்தாள்.

பின்னொரு காலம் இந்த விவகாரத்தால் டேனிஷ் அரசாங்கமே பதவி விலகியது. அன்று ஆலயத்தில் எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். அக்கா எழுந்து, அந்த அமைச்சருக்காக ஜெபிக்க வேண்டும் என்றார். "அவரும் பிள்ளை குட்டிக்காரர். கர்த்தர் அவரை மன்னிக்கட்டும். ஆனால் மன்னிக்க முதல் ஒரு நம்பர் எடுத்துக்கொண்டு வரிசையில கொஞ்சம் நிக்கட்டும்." அதற்கு மட்டும் ஆமென் பலமாகக் கேட்டது.

நான் சொல்ல வந்தது அதற்கு முந்திய, தொண்ணூற்றொன்றாம் ஆண்டுக் குளிர்காலத்தை. அமெரிக்கா ஈராக்கில் குண்டு போட்டுக்கொண்டிருந்தது. ஈராக் குவைத்தைப் பிடித்துவிட்டது, சிறிய நாட்டைப் பெரிய நாடு விழுங்க விடமாட்டோம் என்று அமெரிக்க ஜனாதிபதி சொன்னார். எங்களுக்குள் அது ஒரு நம்பிக்கையைக் கிளப்பியது. நாங்களும் சிறிய இனம்தானே. போருக்கு முன் ஜனாதிபதி ஒரு போதகரோடு சேர்ந்து ஜெபித்தார் என்றும் செய்தி வந்தது. எங்கள் போதகர் அதைப் பிரசங்கத்தில் இரண்டு முறை சொன்னார். டென்மார்க்கும் தன் பங்குக்கு ஒரு சிறு கப்பலை அனுப்பியிருந்தது.

நான் பல வருடம் அமெரிக்க அரசியலமைப்பைப் படிப்பித்தவன். அதற்கு முன்னுரையாக, சுதந்திரப் பிரகடனத்தில் வரும் மனிதர் எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டார்கள் என்ற வாக்கியத்தை மாணவர் எழுதி முடிக்கும்வரை இரண்டு தரம் சொல்லுவேன். அதை எழுதியவர்கள் அடிமைகளை வைத்திருந்தார்கள் என்பது சோதனையில் வராது. அதனால் அதைச் சொல்வதில்லை.

ஒரு மாலை அக்காவின் வீட்டில் சிலர் கூடிச் செய்தி பார்த்தோம். ஒரு அமெரிக்கத் தளபதி தடியோடு நின்று படம் காட்டினார். குண்டு ஒரு கட்டடத்தின் கூரைத் துவாரத்துக்குள் சரியாக இறங்கியது. அங்கிருந்த பத்திரிகைக்காரர்கள் சிரித்தார்கள். எங்கள் ஆட்களும், "பாத்தியளே, ஊசியில நூல் கோத்த மாதிரி" என்றார்கள்.

"அந்த வீட்டில ஆர் இருந்தவை எண்டு அவர் சொல்லேல்லையே" என்றார் அக்கா.

"அது வீடில்லை அக்கா, இராணுவக் கட்டடம்."

"அப்ப இராணுவம் இருந்திருக்கும். அதில சமைக்கிற ஆளும் இருந்திருக்கும்."

நான் படித்தவன் என்ற முறையில் விளக்கினேன். ஈராக்தான் தொடங்கியது, தொடங்கியவனைத் தண்டிக்காவிட்டால் உலகில் ஒழுங்கு இருக்காது என்றேன். அக்கா கேட்டார்: "உந்த ஈராக்காரருக்கு உவ்வளவு ஆயுதம் எங்கால வந்தது மாஸ்ரர்?"

எனக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன் ஈராக் ஈரானோடு சண்டை பிடித்தபோது அமெரிக்கா ஈராக்கின் பக்கம் நின்றது. அதைச் சொன்னேன்.

"அப்ப பிள்ளைக்குக் கத்தியைக் குடுத்தது தாங்கள். வெட்டினாப் பிறகு அடிக்கிறதும் தாங்கள்" என்றார் அக்கா. "நானும் ரண்டு பிள்ளையளுக்கும் அடிக்கிறனான்தான். ஆனால் கத்தி குடுக்கிறேல்லை."

பெப்ரவரியில் ஒரு நாள் பக்தாத்தில் மக்கள் ஒளிந்திருந்த ஒரு பெரிய பங்கருக்கு மேல் குண்டு விழுந்தது. டேனிஷ் செய்தியில் காட்டினார்கள். உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் தாய்மாரும் பிள்ளைகளும். அது இராணுவத் தலைமையிடம் என்று நினைத்தோம் என்று அமெரிக்கா சொன்னது. எங்கள் ஆட்கள் யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. பங்கர் என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அதனால்தான் கதைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அடுத்த ஞாயிறு எங்களிடம் ஒரு அமெரிக்கப் பாஸ்ரர் வந்தார்.

எங்கள் போதகர் முதல் நாளே எனக்குத் தொலைபேசி எடுத்தார். "மாஸ்ரர், நீங்கள்தான் மொழிபெயர்க்க வேணும். இன்னொரு விசயம். அந்தாளுக்கு இங்க பாராளுமன்றத்தில ஆக்களைத் தெரியுமாம். திங்கட்கிழமை ஒராளோட சேந்து ஜெபிக்கப் போறாராம். உங்கட மனிசி பிள்ளையளின்ர கதையைச் சொல்லி வைச்சிருக்கிறன். மனம் வைச்சால் ஒரு வார்த்தை சொல்லுவார். ஆளைச் சந்தோசமா வைச்சிருங்கோ."

ஒரு வார்த்தை. அந்த நாட்களில் நான் அந்த ஒரு வார்த்தைக்காக எதையும் கொடுத்திருப்பேன். கொடுக்க என்னிடம் என்ன இருந்தது என்பது அடுத்த நாள்தான் தெரிந்தது.

பெந்தெகொஸ்தே சபைகளில் மொழிபெயர்ப்பு என்பது பக்கத்தில் நின்று மெதுவாகச் சொல்வது அல்ல. பிரசங்கியார் கையைத் தூக்கினால் மொழிபெயர்ப்பவனும் தூக்க வேண்டும். அவர் கத்தினால் கத்த வேண்டும். அவர் குரல் உடைந்தால் உன் குரலும் உடைய வேண்டும். நான் அதில் கெட்டிக்காரன் என்று பெயர். சில பிரசங்கிகள் அழுவதற்கு அரை வினாடி முன்பே நான் அழுதிருக்கிறேன்.

பாஸ்ரர் உயரமானவர், பெரிய கைகள். கெட்ட மனிதர் அல்ல. அவருடைய மகன் அந்தப் பாலைவனத்தில் எரிபொருள் லொறி ஓட்டிக்கொண்டிருந்தான். அவர் ஒரு பொதி மஞ்சள் நாடா கொண்டுவந்திருந்தார். போர்முனையில் இருக்கும் பிள்ளைகள் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்று அவருடைய ஊரில் மரத்திலும் கதவிலும் இதைக் கட்டுகிறார்களாம். ஆலய வாசலில் நின்று எங்கள் ஒவ்வொருவருடைய நெஞ்சிலும் ஒரு துண்டு குத்திவிட்டார். நான் பக்கத்தில் நின்று விளக்கினேன்.

அக்கா நாடாவைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இது அமெரிக்கப் பெடியளுக்கு, என்ன? மற்றப் பெடியளுக்கு என்ன நிறம்?"

"என்ன சொல்கிறார்?" என்று பாஸ்ரர் கேட்டார்.

"நிறம் பிடித்திருக்கிறதாம்" என்றேன்.

பாஸ்ரர் மகிழ்ந்து இன்னொரு துண்டு கொடுத்தார். அக்கா இரண்டையும் நெஞ்சில் குத்தாமல் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அது சின்னப் பொய்.

பிரசங்கத்தில் பாஸ்ரர் ஒரு கதை சொன்னார். அவருடைய ஊரில் ஒரு சிறுவன் காட்டில் தொலைந்துபோனான். ஊர் முழுக்கக் கடையைப் பூட்டிவிட்டுத் தேடியது. கறுப்பர், வெள்ளையர், குடிகாரர், நீதிபதி எல்லோரும் கை கோத்து வரிசையாகக் காட்டுக்குள் நடந்தார்கள். பிள்ளை உயிரோடு கிடைத்தான். "ஒரு பிள்ளை! ஒரே ஒரு பிள்ளைக்காக!" என்று அவர் குரல் உடைந்து கத்தினார். நானும் உடைந்து கத்தினேன். ஆலயம் முழுக்க அழுதது. அக்காவும் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

பிறகு ஜெப விண்ணப்ப நேரம். எங்கள் வழக்கப்படி ஒவ்வொருவராக எழுந்து எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று சொல்வார்கள். ஒருவர் முதுகு நோவைச் சொன்னார். ஒருவர் விசாவைச் சொன்னார். அக்கா எழுந்தார்.

"பாஸ்ரர் சொன்ன பிள்ளையின்ர கதை நல்ல கதை. நானும் அழுதன். போன கிழமை பக்தாத்தில பங்கருக்குள்ள தாய் பிள்ளையள் செத்ததுகள். அதுகளுக்காக ஜெபிக்க வேணும். குண்டு போட்ட பெடியனுக்காகவும் ஜெபிக்க வேணும், அவன் இனி எப்பிடி நித்திரை கொள்ளுறது? அவனை அனுப்பினவருக்காகவும் ஜெபிக்க வேணும். மூண்டு பகுதிக்கும் ஒரே அளவா. பாஸ்ரர்தான் முதல் ஜெபிக்க வேணும். குண்டு அவற்ற நாட்டுக் குண்டு."

சொல்லிவிட்டு உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தார். எங்கள் போதகர் என்னைப் பார்த்தார். பாஸ்ரர் என்னைப் பார்த்தார். நான் என் கடைசி மகளைப் பார்த்தேன். பங்கருக்குள் கொப்பியை முழங்காலில் வைத்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"இந்தச் சகோதரி உங்கள் நாட்டின் தியாகத்துக்கு நன்றி சொல்கிறார். விமானம் ஓட்டும் பிள்ளைகளுக்காக நீங்கள் ஜெபிக்க வேண்டும் என்று கேட்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"நிறைய நேரம் பேசினாரே?" என்றார் பாஸ்ரர்.

"தமிழ் நீளமான மொழி" என்றேன்.

அவருடைய கண்கள் நிறைந்துவிட்டன. மேடையை விட்டு இறங்கிப் போய் அக்காவைக் கட்டிப்பிடித்தார். அக்கா மரம் போல் நின்றார். அவருடைய கையைப் பிடித்து உயர்த்திக்கொண்டு பாஸ்ரர் ஜெபிக்கத் தொடங்கினார். நானும் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்று கையை உயர்த்தினேன். வானத்தில் பறக்கும் பிள்ளைகளைக் காத்தருளும் என்று அவர் கத்தினார், நானும் கத்தினேன். அவர்களுடைய கண்களைக் கூர்மையாக்கும் என்றார், கூர்மையாக்கும் என்றேன். பிறகு அவர் முழுத் தொண்டையில் கத்தியதை நான் ஒரு சொல்லும் விடாமல் தமிழாக்கினேன்.

"ஒவ்வொரு குண்டையும் அதன் இலக்குக்கு நேராய் நடத்தும், ஆண்டவரே!"

"ஆமென்!" என்றது சபை.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பெரிய சத்தத்தில் ஒரு வாக்கியம் முடிந்தால் ஆமென் தானாக வரும். அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் ஊரில் ஒரு பங்கரும் அதற்குள் ஆட்களும் இருந்தார்கள். என் ஆமென்தான் எல்லாவற்றிலும் பலமாகக் கேட்டது. அக்கா மட்டும் வாய் திறக்கவில்லை. உயர்த்தப்பட்ட அவருடைய கை பாஸ்ரரின் கைக்குள் ஒரு பறிகொடுத்த சாமான் போல் இருந்தது.

கீழே சாப்பாடு. அன்று தலை அமெரிக்க விருந்தாளிக்குத்தான் போகும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அதைக் கண்டால் அவர் என்ன செய்வார் என்று பார்க்க இரண்டு பேர் அவருக்கு முன்னால் இடம் பிடித்திருந்தார்கள். அவருக்குப் போனது ஒரு துண்டு, எல்லோருக்கும் போன அதே துண்டு. அக்கா என்னிடம் வந்தார். எனக்கு இன்று இல்லை, அல்லது வால் நுனி, அல்லது வெறும் குழம்பு என்று நினைத்தேன். அப்படி ஏதாவது செய்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் தலையைத் தூக்கி என் தட்டில் வைத்தார்.

"இண்டைக்கு உங்கட முறை மாஸ்ரர்."

சாப்பிட்டேன். கண், கன்னம், எல்லாம் சாப்பிட்டேன்.

பாத்திரம் கழுவும் இடத்தில் அவர் பக்கத்தில் நின்று துடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டார்: "அவற்ற கதையை எங்களுக்கு ஒண்டும் விடாமல் சொன்னியள். என்ர கதையை அவருக்கு எவ்வளவு சொன்னியள்?"

நான் துடைத்த தட்டையே மறுபடி துடைத்தேன்.

"நான் கேட்டது காதில விழுந்த ஆள் இப்பிடி வந்து கட்டிப்பிடிக்காது" என்றார்.

"அக்கா, என்ர மனிசி பிள்ளையள்..."

"ஓம். தெரியும்." ஒரு தட்டை என்னிடம் நீட்டினார். "பக்தாத்திலயும் ஒரு மாஸ்ரர் இருந்திருப்பார்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

பாஸ்ரரை நான்தான் ரயில் நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். வழியில் அவர் தன் மகனைப் பற்றிச் சொன்னார். அவனை நினைத்துப் பயமாக இருக்கிறது, அவன் கொண்டுபோகும் எரிபொருளில் பறக்கும் விமானங்களையும் சில வேளை நினைக்கிறேன், ஆனால் என் ஆலயத்தில் நின்று அதைச் சொல்ல முடியாது, சொன்னால் அடுத்த ஞாயிறு வாங்குகள் வெறுமையாக இருக்கும் என்றார். பிறகு, "அந்தச் சகோதரி கோபமாக இருந்தது போல் எனக்குப் பட்டது" என்றார். உண்மையைச் சொல்ல அது இரண்டாவது சந்தர்ப்பம். அக்கா கேட்டதைக் கேட்க அந்த மனிதருக்கு ஒருவேளை விருப்பமாகக்கூட இருந்திருக்கலாம். "அவருடைய முகமே அப்படித்தான்" என்றேன். பிறகு என் குடும்பத்தின் விஷயத்தை ஞாபகப்படுத்தினேன்.

திங்கட்கிழமை அந்தச் சந்திப்பு நடந்தது. நேரம் முழுக்கப் போர்வீரர்களுக்காக ஜெபிப்பதிலேயே போய்விட்டதால் மற்ற விஷயங்களைப் பேச முடியவில்லை என்று பாஸ்ரர் பிறகு எங்கள் போதகருக்குச் சொல்லியனுப்பினார். என் மகள்மாருக்காகத் தினமும் ஜெபிப்பதாகவும் சொல்லியிருந்தார். ஜெபித்திருப்பார்.

என் குடும்பம் வந்தது அடுத்த வருடம். யாருடைய வார்த்தையாலும் அல்ல. பத்திரங்கள் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர்ந்து நகர்ந்து ஒரு நாள் முடிந்தது. கடல்நீரேரியைப் படகில் கடந்து, கொழும்புக்கு வந்து, விமானம் ஏறி வந்தார்கள். கடைசி மகள் என்னை அப்பா என்று கூப்பிடாமல், வெறும் "நீங்கள்" என்று சொல்லிக் கை கொடுத்தாள்.

முதல் ஞாயிறே ஆலயத்துக்குக் கூட்டிப் போனேன். புதிதாக வந்தவர்கள் எழுந்து சாட்சி சொல்வது வழக்கம். மனைவி எழுந்து, சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்.

"பொம்மர் ரண்டு தரம் சுத்திப்போட்டு எங்கட வீட்டுக்கு நேர பதிஞ்சது. நான் பிள்ளையளை இழுத்துக்கொண்டு பங்கருக்க பாய்ஞ்சன். எங்கட கதை முடிஞ்சுது எண்டுதான் நினைச்சன். குண்டு தள்ளிப்போய்ப் பின்வளவு வாழைக்குள்ள விழுந்தது. அவனுக்குக் குறி பிழைச்சுப் போச்சு. கர்த்தர்தான் அண்டைக்கு அந்தக் குறியைப் பிழைக்கப் பண்ணினவர்."

"ஆமென்!" என்றது சபை. அதே சபை, அதே குரல்கள். அது எந்த மாதம், நாங்கள் பாஸ்ரரோடு ஜெபித்த அதே மாதமா என்று நான் அவளிடம் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. என் ஆமென் மட்டும் அதில் இல்லை.

பெண்கள் பக்கத்து வாங்கில் இருந்து அக்கா என் பக்கம் சரிந்தார்.

"மாஸ்ரர், இதுக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ. அதுக்குச் சொன்னனீங்கள்தானே."

"ஆமென்" என்றேன்.

"கேக்கேல்லை" என்றார் அக்கா. "அண்டைக்குக் கத்தினனீங்கள்."

கத்தினேன். சாட்சி சொல்லிக்கொண்டிருந்த என் மனைவி திடுக்கிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள்.